புதுப்பிப்பு: காரின் பின்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் தண்டு) மாற்றியாகிவிட்டது

பின் டயர்கள் உள்ஓரத்தில் மட்டும் தேய்கின்றன, கேம்பரை (சக்கரம் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) திருத்த, நீளத்தை மாற்றக்கூடிய அட்ஜஸ்டபிள் ஆர்ம் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டாகிவிட்டது. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்கி, நமக்குத் தெரிந்த தமிழ் மெக்கானிக் அண்ணனிடம் மாட்டினோம்.

துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றத்தான் அதிக நேரம் போனது. அப்புறம்தான் முக்கியமான விஷயம். வண்டி லிஃப்டில் தொங்கும்போது ரப்பர் புஷ் (ஆர்மின் முனையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்) போல்ட்டுகளை முழுசாக இறுக்கக் கூடாது. இறுக்கினால், வண்டி தரையில் நின்றதும் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அண்ணன் ஜாக்கியால் ஆர்மைத் தூக்கி, வண்டி நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே டார்க் ரெஞ்சால் (சரியான அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கினார். இப்படிச் செய்கிறவரிடமே வேலையைக் கொடுங்கள்.

வீல் அலைன்மென்டில் கேம்பர் மைனஸ் 3 டிகிரியிலிருந்து மைனஸ் 1.5க்கு வந்தது (மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது). கேம்பர் மாறினால் டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். அதனால் டோவைக் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள். டோ தப்பாக இருந்தால் டயர் இன்னும் வேகமாகத் தேயும்.

ரப்பருக்குப் பதில் அதைவிடக் கடினமான பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்டவருக்கு: குடும்ப வண்டிக்கு ரப்பரே நல்லது, சத்தமும் அதிர்வும் குறைவு. ஓசூர் வரை போய்வந்தோம், பின்சீட்டில் இருந்த அம்மாவுக்குக் குலுக்கல் கூடவில்லை. ஆர்மின் நீளம் மாறாமல் பிடித்திருக்கும் லாக் நட்டுகளை அடுத்த சர்வீஸில் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.