லேசருக்குப் பிறகு தாடையில் கருந்திட்டுகள்: ஈப்போ பக்கம் தோல் மருத்துவர் வேண்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முடி நீக்க லேசர் செய்த இடத்தில் என் தங்கைக்குத் தோல் கறுத்துவிட்டது. காதடியிலிருந்து மோவாய் வரை, இருபது சென் நாணய அளவில் வட்ட வட்டமாக வரிசை கட்டி நிற்கிறது. கருவியின் முனை பட்ட தடம் அப்படியே தெரிகிறது.

வயது 24, கறுத்த நிறம், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) உண்டு. பொங்கல் கழிந்து ஓர் அழகு நிலையத்தில் செய்தது. கருவி 755 நானோமீட்டர் அலைநீள அலெக்சாண்டிரைட் வகை லேசர். அன்றிரவே எரிச்சல், பிறகு பொருக்கு, அது உதிர்ந்ததும் கருமை. கறுத்த தோலில் மெலனின் அதிகம். முடிவேருக்குப் போக வேண்டிய வெப்பத்தைத் தோலே இழுத்துக்கொள்ளும். நம் நிறத்துக்கு, மெலனின் குறைவாக இழுக்கும் 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர்தான் பாதுகாப்பானது என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டாமா? அதுதான் வயிற்றெரிச்சல்.

கற்றாழை, எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், கிளினிக்கில் கொடுத்த ஹைட்ரோகார்ட்டிசோன் (எரிச்சல் தணிக்கும் ஸ்டீராய்டு களிம்பு) எல்லாம் பார்த்தாயிற்று. எரிச்சல் அடங்கியது, கருமை அசையவில்லை. பாதரசத்துக்குப் பயந்து, சந்தையில் விற்கும் வெளுப்புக் களிம்புகளைத் தொடவிடவில்லை. அவளுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வெளிவேலை, வெயிலைத் தவிர்க்க வழியில்லை.

ஈப்போவிலோ தைப்பிங்கிலோ, கறுத்த சருமத்தில் இப்படிப்பட்ட லேசர் தழும்பைக் குணமாக்கிய தோல் மருத்துவர் யாரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?