மான் வேட்டைக்கு ஒரு சீசன்: நம்ம மலைக்கு ஒத்து வருமா?

மறையூர்க்காரன்:

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்துவிட்டு, கேரளத்து இடுக்கி மலையில் இருக்கும் நம்ம மறையூருக்குத் திரும்பியிருக்கிறேன். போன நவம்பரில் மருமகன் குடும்பம் மொத்தமும் மான் வேட்டைக்குக் கிளம்பியது, நானும் கூடப் போனேன். துப்பாக்கியைத் தொடவில்லை. சம்பந்தியோடு பரணில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஊரில் இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள், மீதிப் பேர் "இங்கேயும் விட்டால் என்ன?" என்றார்கள். நான் அந்த இரண்டாவது கட்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

அங்கே நவம்பர் நான்காம் வியாழன் நன்றி கூறும் பண்டிகை. அதற்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள்தான் துப்பாக்கி சீசன். எல்லாரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை, இல்லாவிட்டால் அதே போல் பளிச்சிடும் ரோஸ் நிறச் சட்டை போட வேண்டும். மானுக்கு ஆரஞ்சு நிறம் பிரித்துத் தெரியாது, எதிரே வரும் மனிதனுக்குத் தெரியும். 1973 முதல் பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருந்தால்தான் தனியாக லைசென்ஸ் எடுக்கலாம். கொம்புள்ள மானுக்கு ஒரு சீட்டு, கொம்பில்லாததற்கு வேறு சீட்டு. இரண்டாவது வகையில் எத்தனை கொடுப்பது என்பதை அந்தந்தப் பகுதியின் மான் நிலவரம் பார்த்து முடிவு செய்கிறார்கள். சுட்டதை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். கறியை விற்கக் கூடாது. கொடுக்கலாம், வீட்டில் சாப்பிடலாம்.

என் மனதில் நிற்பது குடும்பம்தான். சம்பந்தியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வயிற்றைக் கீறிக் குடலெடுப்பது அந்த வீட்டில் இன்றைக்கும் அவர் கைதான், மூத்திரப்பையில் கத்தி படாது. பன்னிரண்டு வயதுப் பேரனுக்கு ஒரு மான் நல்ல தூரத்தில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு வீட்டுக் கூரை. பையன் யாரும் சொல்லாமலே துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான். அவன் தாத்தா தோளைத் தட்டினார், வேறொன்றும் பேசவில்லை. ராத்திரி சமையலறை மேஜையில் கறியைக் கூறு போட்டபோது முதல் கூறு, வேட்டைக்கு வர முடியாத பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் போனது. என் தாத்தா காலத்தில் எங்கள் முற்றத்தில் மிளா (கடமான்) கறி கூறு போட்டதும் இதே முறைதான்.

நம்ம மலையில் வேட்டை நின்றுவிட்டதா? ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். சுருக்குக் கம்பி, வெடி வைத்த அவுட்டுக்காய், வேலியில் திருட்டுக் கரண்ட். எந்த மிருகம் செத்தது, எத்தனை செத்தது என்று ஒரு கணக்கும் இல்லை. கணக்கோடு, வெளிச்சத்தில், கட்டணம் வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட நாளில் மட்டும் அனுமதித்தால் காட்டுக்கும் நல்லது, காட்டோரம் இருப்பவனுக்கும் நல்லது.

சின்னாறு நடைக்காரன்:

அண்ணே, நீங்க பார்த்ததை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே மனிதன் ஏன் துப்பாக்கி எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை விட்டுவிட்டீர்கள். விஸ்கான்சினில் 1960 வாக்கில் ஓநாய் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் கொன்று தீர்த்திருந்தார்கள். 1970களில்தான் பக்கத்து மினசோட்டாவிலிருந்து ஓநாய்கள் தாமாகத் திரும்பி வரத் தொடங்கின, இப்போதும் பெரும்பாலும் வடக்கே காட்டுப் பகுதியில்தான் இருக்கின்றன. மான் பெருகிச் சாலையில் கார் மோதிச் சாகிறது, சோள வயலை மேய்கிறது. ஓநாய் செய்த வேலையை அங்கே சீட்டு வாங்கிய மனிதன் செய்கிறான்.

நம்ம பக்கம் அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது. செந்நாய், சிறுத்தை, புலி. ஒரு புலி வருஷத்துக்கு ஐம்பது மான், மாடு அளவு உருப்படி அடிக்கும். அது நிலைத்து நிற்க அந்தக் காட்டில் ஐந்நூறு இரை விலங்காவது வேண்டும் என்று புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் போன்றவர்கள் பல வருஷம் காட்டில் கிடந்து சொன்ன கணக்கு இது. சின்னாறு சரணாலயம் மொத்தமே சுமார் 90 சதுர கிலோமீட்டர். அதில் புள்ளிமானுக்கும் மிளாவுக்கும் நீங்களும் ஒரு பங்கு கேட்டால் புலிக்கு எதை விடப் போகிறீர்கள்? காட்டில் இரை குறைந்தால் அது இறங்கி வருவது தொழுவத்துக்குத்தான். அப்போது "புலியையும் சுடு" என்பீர்கள்.

விஸ்கான்சினில் வருஷத்துக்கு மூன்று லட்சம் வாக்கில் மான் சுடுகிறார்கள். சுட்டும் குறையவில்லை. நம்மிடம் அப்படி எங்கே இருக்கிறது?

வட்டவடைப் பூண்டுக்காரி:

ரெண்டு பேரும் காட்டைப் பத்திப் பேசுறீங்க. நான் பாத்தியைப் பத்திப் பேசறேன்.

பூண்டு, கேரட், பீன்ஸ் மூணும் போடுறோம். பூண்டை மிளா அவ்வளவாத் தொடாது. கேரட்டும் பீன்சும் முளை விட்டதும் வந்துரும். ஒரு ராத்திரி நாலஞ்சு மிளா இறங்குனா மிதிச்சே பாதி போயிரும், தின்னது மீதி. காட்டுமாடு வந்தா வேலி, பாத்தி ரெண்டும் சேந்து போகும். சோலார் வேலி போட்டாங்க. அடியில புல்லு வளந்து கம்பியில பட்டா கரண்ட் மண்ணுக்கு இறங்கிரும். மழைக்காலத்துல வாரா வாரம் புல்லு வெட்ட ஆளுக்கு எங்க போறது? மிளா நின்ன இடத்துல இருந்தே ஆள் உயரம் தாண்டும். நஷ்டஈட்டுக்கு அக்ஷயா இ-சேவை சென்டர்ல விண்ணப்பம் போட்டு, கிருஷி பவன்ல, அதான் விவசாய ஆபீஸ்ல, எழுதி வாங்கி, அப்புறம் ஃபாரஸ்ட் ஆபீஸ். பணம் வரும்போது அடுத்த வெள்ளாமையும் முடிஞ்சிருக்கும்.

காட்டுப்பன்னிக்கு மட்டும் 2022ல வழி திறந்தாங்க. பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டா லைசென்ஸ் துப்பாக்கிக்காரர் வந்து சுடலாம். சுட்டதைத் திங்கக் கூடாது, மண்ணெண்ணெய் ஊத்திப் புதைக்கணும். அத்தனை கறியையும் குழியில தள்ளுறதைப் பாத்துக்கிட்டு நிக்கிறது எனக்குப் பொறுக்கல. அந்த ஊரில கறியைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாங்கன்னு அண்ணன் எழுதியிருக்காரே, அதைத்தான் ரெண்டு தரம் படிச்சேன்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:

அக்கா, உங்கள் நஷ்டத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் மறையூர் ஐயா சொல்லும் சீசன் முறை நமக்குப் புதிதல்ல என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

நீலகிரியில் 1877லேயே வேட்டைச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். 1879ல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த மாதம் சுடக் கூடாது என்ற விதி, லைசென்ஸ், கட்டணம் எல்லாம் அப்போதே உண்டு. அதனால் ஆதாயம் அடைந்தவர்கள் துப்பாக்கியும் ஓய்வு நேரமும் உள்ள வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும். தலைமுறை தலைமுறையாக அங்கே இரை பிடித்துத் தின்றவன் அந்தச் சட்டத்தின் கண்ணில் திருடன்.

சுதந்திரத்துக்குப் பிறகும் கதவை ஒரேயடியாகச் சாத்திவிடவில்லை. 1972 வனவிலங்குச் சட்டத்திலேயே லைசென்ஸ் எடுத்து வேட்டையாட வழி இருந்தது. புள்ளிமானும் மிளாவும் அந்தப் பட்டியலில் இருந்தவைதான். 1991 திருத்தத்தில்தான் அதை எடுத்தார்கள். கிட்டத்தட்ட இருபது வருஷம் சீட்டு முறையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம் நாடு வேண்டாம் என்றது. ஒரு சீட்டை வைத்துக்கொண்டு பத்து மிருகம் சுட்டவனை யார் தடுத்தார்கள்? மறுநாள் 5 மணிக்குள் எல்லாரும் நேர்மையாகப் பதிவு செய்யும் ஊருக்கு அந்த முறை பொருந்தும்.

இன்னொன்று, இதை மனசார எழுதுகிறேன். 2020ல் எங்கள் பாலக்காடு மாவட்டத்தில் சூல் கொண்ட யானை ஒன்று வெடி வைத்த காயைக் கடித்து, வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடி செத்தது. அதைப் பார்த்த பிறகு காட்டில் இன்னும் ஒரு வெடிச் சத்தம் கூடுவதற்கு என்னால் சம்மதிக்க முடியாது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை கையில் துப்பாக்கி கொடுப்பதைப் பெருமையாகச் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை.

மறையூர்க்காரன்:

அந்த யானையைக் கொன்றது சீசன் இல்லாத வேட்டை, தம்பி. நான் எதை ஒழிக்கச் சொல்கிறேனோ அதையே என் மேல் சாட்டுகிறீர்கள். பேரன் கையில் துப்பாக்கி இருந்தது உண்மை. அதைத் தாழ்த்தத் தெரிந்த பிள்ளையாக அவனை வளர்த்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் எழுதினேன்.

சின்னாறு தம்பி சொன்ன புலிக் கணக்குக்கு வருகிறேன். சரணாலயத்துக்குள்ளே துப்பாக்கி போக வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. காட்டுக்கு வெளியே, பட்டா நிலத்தில், பயிரில் வந்து நிற்கும் உருப்படி பற்றித்தான் பேச்சு.

அங்கே எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் பணம் போகும் வழி. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் மத்திய அரசு தனி வரி போடுகிறது. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். 1937ல் வந்த சட்டப்படி அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குத்தான் போகும், வேறெதற்கும் திருப்ப முடியாது. காடு வாங்க, விலங்கு எண்ண, ஆராய்ச்சி செய்ய எல்லாம் அதிலிருந்து. வேட்டைக்காரன் காசில் காடு நிற்கிறது.

நோய் விஷயமும் சொல்ல வேண்டும். மானின் மூளையை அரித்துக் கொல்லும் ஒரு நோய் விஸ்கான்சினில் 2002ல் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதனுக்குப் பரவியதாக நிரூபணம் இல்லை. இருந்தாலும் சம்பந்தி வீட்டில் சுட்ட மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை கறியைத் தனியாக உறைய வைத்திருந்தார்கள். அந்தச் சோதனைக்கு வரும் தலைகளில் பெரும்பகுதி வேட்டைக்காரர் கொண்டுவந்து கொடுப்பது.

சின்னாறு நடைக்காரன்:

அந்த நோயே என் பக்கத்துச் சாட்சி அண்ணே. ஒரே இடத்தில் மான் நெருக்கமாகக் கூடினால் எச்சிலாலும் மூத்திரத்தாலும் பரவும் நோய் அது. இத்தனை வேட்டை நடந்தும் அங்கே அது மாவட்டம் மாவட்டமாகப் பரவிக்கொண்டுதான் போகிறது. நோயில் தளர்ந்த மானைப் பொறுக்கியெடுப்பது செந்நாய்க்கும் ஓநாய்க்கும் கைவந்த வேலை. வேட்டைக்காரன் பரணில் உட்கார்ந்து தேடுவது நல்ல கொம்பு.

பட்டா நிலத்தில் மட்டும் என்கிறீர்கள். காந்தலூரில் பட்டா எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் பிடித்துக்கொண்டு யார் காட்டப் போகிறார்கள்? அடிபட்ட மிளா எல்லைக்கல் பார்த்தா விழும்? பின்னாலேயே துப்பாக்கியும் காட்டுக்குள் போகும்.

குடிப்பையன்:

நான் முதுவர் பழங்குடி. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இரவிகுளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்றைக்கு வரையாடு பார்க்க டிக்கெட் வாங்கி பஸ்ஸில் ஏறும் அந்த மலை, கண்ணன் தேவன் தோட்டத் துரைமார்களின் வேட்டைக் காடாக இருந்தது. வழி காட்டியது, காவல் காத்தது எங்கள் ஆட்கள். 1975ல் சரணாலயம் ஆனது, 1978ல் தேசியப் பூங்கா. துரைமார்கள் வீட்டுச் சுவரில் கொம்பு மாட்டினார்கள், பிறகு வன நேசர்கள் என்று பெயர் வாங்கினார்கள். கூடப் போன எங்கள் தாத்தாக்கள் பெயர் எங்கேயும் இல்லை.

2006 வன உரிமைச் சட்டம் வந்தபோது தேன், கிழங்கு, மேய்ச்சல், மீன் எல்லாம் உரிமையில் வந்தது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில், மரபு உரிமைகள் எல்லாம் உண்டு, வேட்டையும் கண்ணி வைப்பதும் தவிர என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். கேளையாடு என்கிற சின்ன மான் எங்கள் ராகித் தோட்டத்துக்கும் வருகிறது. தகரம் தட்டுகிறோம், தீ போடுகிறோம், காவல் மாடத்தில் தூங்காமல் கிடக்கிறோம்.

மறையூர் ஐயா கேட்கும் சீசன் வந்தால் சீட்டு யாருக்குப் போகும்? லைசென்ஸ் துப்பாக்கி எங்கள் குடியில் யாரிடமும் இல்லை. ரிசார்ட் வைத்திருப்பவன் வாங்குவான், எர்ணாகுளத்திலிருந்து ஜீப்பில் வருவான், எங்களைக் கூட்டிக்கொண்டு போய் வழி கேட்பான். மறுபடியும் அதே வேலை எங்களுக்கு. அமெரிக்காவில் மருமகன் வீட்டார் நல்லவர்களாக இருக்கலாம். அந்தக் காட்டில் அவர்களுக்கு முன்னால் வேட்டையாடியவர்கள் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் என்று உங்கள் சம்பந்தியிடம் கேட்டீர்களா?

மறையூர்க்காரன்:

கேட்டேன் தம்பி. வடக்கு விஸ்கான்சினில் ஒஜிப்வே மக்கள் இருக்கிறார்கள். 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் வேட்டை, மீன்பிடி உரிமையை அவர்கள் விடவில்லை. மாநில அரசு அதை மதிக்கவில்லை. 1983ல் நீதிமன்றத்தில் வென்று மீட்டார்கள். அதற்குப் பிறகும் படகுத் துறைகளில் கல்லெறி வாங்கினார்கள். இன்றைக்கு அவர்களுக்குத் தனி சீசன், தனி விதி, தாங்களே நடத்தும் கண்காணிப்பு ஆணையம் இருக்கிறது. நீ கேட்ட சீட்டு முதலில் குடிகளுக்குத்தான் போக வேண்டும் என்பதை என் கோரிக்கையில் சேர்த்துக்கொள்கிறேன். மற்றபடி என் நிலையில் மாற்றம் இல்லை.

குடிப்பையன்:

அவர்கள் கோர்ட்டில் வென்று எடுத்தது. நீங்கள் சேர்த்துக்கொள்வதாகச் சொல்வது. இரண்டும் ஒன்றில்லை, ஐயா.

வட்டவடைப் பூண்டுக்காரி:

தம்பி சொல்றது நியாயம். ஆனா ஒண்ணு கேக்கறேன், யாராச்சும் நேரா பதில் சொல்லுங்க. சீசன் வேண்டாம், சுட வேண்டாம், புலிக்கு வேணும், சரி. இன்னைக்கு ராத்திரி பீன்ஸ் பாத்தியில மிளா நின்னா நான் என்ன செய்ய?

சின்னாறு நடைக்காரன்:

அக்கா, வேலி அடியில் புல் வெட்டுவதை, அரசு கூலி வேலை தரும் தொழிலுறுதித் திட்டத்தில் வேலையாகச் சேர்க்க முடியுமா என்று கிராம சபையில் எழுதிக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் கிடைக்காது, வேலி ஓரம் இருக்கும் எல்லா வீடும் கையெழுத்துப் போட வேண்டும். காவலுக்குப் போகிறவர்களுக்குக் கூலியும் அதோடு கேட்போம். மனுவை நான் எழுதித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை கோவிலூர் வருகிறேன்.

வட்டவடைப் பூண்டுக்காரி:

வாங்க. மனுவுல பன்னிக் கறியைப் புதைக்கிற விதியை மாத்தணும்னும் ஒரு வரி சேக்கணும், நீங்க சம்மதிச்சாலும் சரி, சம்மதிக்காட்டாலும் சரி.

சின்னாறு நடைக்காரன்:

அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்து வராது அக்கா. கறிக்கு ஆசைப்பட்டு உத்தரவு வாங்க ஆரம்பித்தால் பன்னியோடு நிற்காது. அதை மட்டும் தனித் தாளில் எழுதுங்கள். மற்றதில் கையெழுத்துப் போடுகிறேன்.