நகைக்கடையில் கழுவியதும் ரோஸ் நிறக் கல் மங்கிவிட்டது, இது போலியா?

கல்லடியிலிருந்து:
தம்பி கட்டாரிலிருந்து வரும்போது எனக்கு ஒரு வெள்ளிப் பென்டன் கொண்டுவந்தான். நடுவில் ரோஸ் நிறக் கல், அதற்குள் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து போகும். ரோஸ் குவாட்ஸ் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். வெள்ளி கறுத்துவிட்டதால் டவுனில் ஒரு கடையில் கழுவக் கொடுத்தேன். ஏதோ மருந்தில் முக்கி எடுத்தார்கள். வெள்ளி பளிச்சென்று வந்தது, கல் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிவிட்டது. நகம் வைத்தால் சொரசொரக்கிறது. "கல் டூப்ளிகேட்" என்கிறார் கடைக்காரர். உண்மையா? இதே நிறத்தில் ஒரு சோடித் தோடும் வாங்க நினைத்திருக்கிறேன்.

ஏறாவூரிலிருந்து:
தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு விட்டுப் பாருங்க தங்கச்சி. கல்லுக்கு ஏதும் ஆனால் போலிதான்.

அக்கரைப்பற்றிலிருந்து:
தயவுசெய்து புளி விடாதீங்க. கண்ணாடிக்கும் சரி, அசல் குவாட்ஸுக்கும் சரி, புளியால் ஒன்றும் ஆகாது. நீங்கள் சொல்லும் வளைந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தால் இது குவாட்ஸே இல்லை, ரோடோகுரோசைட் போல இருக்கிறது. அது மங்கனீசு காபனேற்று, அமிலம் பட்டால் மேற்பரப்பு கரையும். கடை மருந்தில் அமிலம் இருந்திருக்கும். ஆர்ஜென்டினாவின் கப்பிலியித்தாஸ் சுரங்கத்துக் கல் இந்தக் கோடுகளுக்கே பேர் போனது. அந்த நாட்டின் தேசியக் கல்லும் இதுதான்.

ஒரு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும். சாயம் ஏற்றிய கல்சைட்டும் (சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் கனிமம்) அமிலத்தில் இப்படித்தான் மங்கும். கல்லை வெள்ளியிலிருந்து கழற்றி, தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று பார்த்தால் தெரிந்துவிடும்: கல்சைட் 2.7, ரோடோகுரோசைட் 3.5க்கு மேல். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் சோதித்துத் தருவார்கள்.

மினுக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். பேருவளையிலோ இரத்தினபுரியிலோ பட்டை தீட்டுபவரிடம் கொடுங்கள். ஆனால் மென்மையான கல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் கை பழகியது, 1 முதல் 10 வரையான மோஸ் அளவில் கடினம் 9 உள்ள நீலக்கல்லில், இதற்கோ 4கூடத் தாண்டாது.

கல்லடியிலிருந்து:
பெரிய உதவி நானா, மனசு ஆறியது. தோட்டுக் கல்லில் கோடே இல்லை, தண்ணீர் போல் தெளிவாக இருக்கிறது. அதையும் ரோஸ் குவாட்ஸ் என்கிறார்கள். வாங்கலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
நான் மணி கோர்த்து விற்கிறவள் அக்கா. ரோஸ் குவாட்ஸில் பெரும்பாலும் பால் கலந்தாற்போல் ஒரு மங்கல் இருக்கும். அவ்வளவு தெளிவு என்றால் கண்ணாடியாக இருக்கலாம். லென்ஸில் உருண்டைக் குமிழி தெரிந்தால் விட்டுவிடுங்கள். வெடிப்புகளில் மட்டும் நிறம் அடர்ந்திருந்தால் சாயம். ரசீதில் கல்லின் பெயரை எழுதித் தரத் தயங்குகிற ஆளிடம் நான் வாங்கவே மாட்டேன்.

பென்டனைப் புடவை, சென்ட், பவுடர் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போடுங்கள். கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைக்காதீங்க. எங்கள் கடற்கரைக் காற்றில் வரும் மணல் குவாட்ஸ்தானே, கடினம் 7. அந்தத் தூசியே கல்லில் கோடு போட்டுவிடும். இளஞ்சூட்டு நீரில் துளி சோப்புப் போட்டு அலசி, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். வெள்ளி மறுபடி கறுத்தால் வெள்ளி துடைக்கும் துணியால் கல்லில் படாமல் துடையுங்கள். அல்ட்ராசோனிக் மெஷினில் போட விடவே வேண்டாம்.

கல்லடியிலிருந்து:
சரி தங்கச்சி. லென்ஸ் ஒன்று கேட்டு வாங்கி, தோட்டை நேரில் பார்த்த பிறகுதான் காசு கொடுப்பேன்.