மறு: ‘தொடர்பு கொள்ளப்படாத பழங்குடிகள்’ – வேறு சொல் உண்டா?

குழுவினருக்கு வணக்கம்.

ஐயா அனுப்பிய சொற்பட்டியலில் மற்றவை எல்லாம் சரி. வெளியாரோடு கலக்காமல் தனித்து வாழும் மக்களுக்கு அதில் வைத்திருக்கும் ‘தொடர்பு கொள்ளப்படாத பழங்குடிகள்’ மட்டும் இடிக்கிறது. நாம் இன்னும் போகவில்லை, போனால் பார்த்துப் பேசிவிடலாம் என்கிற தொனி அதில் இருக்கிறது. அந்த மக்களுக்கு அதில் எந்த வேலையும் இல்லை, சும்மா காத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

> ‘வெளியுலகம் அறியாக் குடிகள்’ என்று போட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியுமே?

புரியும், தப்பாகப் புரியும். இப்படிப்பட்டவர்கள் வாழும் அந்தமானின் வட சென்டினல் தீவு, போர்ட் பிளேருக்கு மேற்கே சுமார் 50 கி.மீ.தான். நம் துறைமுகத்திலிருந்து கப்பல் போகிற ஊர் போர்ட் பிளேர். 1880-இல் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆட்களோடு அந்தத் தீவில் இறங்கி, வயதான ஒரு தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்துப்போனார். ஆறு பேரும் நோயில் விழுந்தார்கள். பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு தீவில் திரும்ப விட்டார்கள். அந்தப் பிள்ளைகளோடு என்ன நோய் கரையேறியது என்று யாருக்கும் தெரியாது. இதற்குப் பிறகு படகைக் கண்டால் வில்லெடுக்கிறவர்களை ‘வெளியுலகம் அறியாதவர்கள்’ என்றால் எப்படி? வெளியுலகத்தைப் போதுமான அளவு அறிந்தவர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சென்டினல் மக்களை மூர்க்கர்கள் என்பதும் அரைகுறைப் பேச்சு. 1991 ஜனவரியில் மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழு தண்ணீரில் மிதக்கவிட்ட தேங்காய்களை, கையில் ஆயுதம் இல்லாமல் வந்து எடுத்துப்போனார்கள். பிற்பாடு அந்தப் பயணங்களை அரசே நிறுத்திவிட்டது. காரணம் அம்பைவிட அம்மையும் சளிக்காய்ச்சலும்தான். நம் உடம்புக்குப் பழகிப்போன கிருமிகள் அவர்கள் உடம்புக்குப் புதிது. அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவாக்கள் 1990களின் கடைசியில் காட்டைவிட்டு வெளியே வந்து பழகத் தொடங்கினார்கள். 1999-இலேயே அவர்களிடையே தட்டம்மை பரவிவிட்டது.

> பேச்சுவழக்கில் ‘கற்கால மனிதர்கள்’ நன்றாகப் பரவியிருக்கிறது.

பரவியிருக்கிறது, அதுதான் தொல்லை. 1981-இல் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் அந்தத் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றுவிட்டது. மாலுமிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள், கப்பல் அங்கேயே கிடந்தது. தீவுக்காரர்கள் அதன் இரும்பை எடுத்து அம்புமுனை செய்துகொண்டார்கள். இரும்பைத் தட்டி முனை தீட்டுகிறவரைக் கற்காலத்தில் உட்காரவைப்பது நம் சோம்பல்.

அமேசான் பக்கம் போனால் இன்னும் தெளிவு. பெருவின் மாஷ்கோ பீரோ மக்கள் இன்று அடர்காட்டுக்குள் இருப்பதற்குக் காரணம், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரப்பர் முதலாளிகளின் ஆட்கள் நடத்திய படுகொலைகள். தப்பியவர்கள் உள்ளே போனார்கள். இப்போதும் சில சமயம் ஆற்றங்கரைக்கு வந்து, எதிர்க்கரையில் இருக்கும் யினே மக்களிடம் வாழைப்பழமும் வெட்டுக்கத்தியும் கேட்கிறார்கள். இரண்டு மொழிகளும் உறவு என்பதால் பேச்சு ஓரளவு புரியும். பெருவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்டவர்களைத் ‘தனித்திருப்போர்’ என்ற பொருளில்தான் குறிக்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘ஒதுங்குகுடி’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ‘ஒதுங்கப் போனான்’ என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம். வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள். அதைவிட, ஒதுங்கு என்பதில் ‘ங்’ சறுக்கி ‘க்’ ஆனால் ஒதுக்கு. ஊர் ஒதுக்கிவைத்த கதைகள் நம்மிடம் ஏற்கெனவே ஏராளம், சாதி வாடையோடு.

என் முன்மொழிவு: விலகுகுடி. வினைத்தொகை. விலகிய குடி, விலகுகின்ற குடி, விலகும் குடி என மூன்று காலமும் பொருந்துகிறது. தன்வினை என்பதால் செய்கை அவர்களுடையது. நடுவில் ‘க்’ போட்டுவிடாதீர்கள், ஊறுகாய்க்குப் போடுகிறோமா என்ன?

—

அம்மா, வினைத்தொகை வாதம் பிடித்திருக்கிறது. ஆனால் இதைச் செய்தியில் வாசித்தால் மதுவிலக்குப் பிரச்சாரம் மாதிரி கேட்கும்: ‘விலகு, குடி!’ இன்னொரு சந்தேகம். ‘விலகு’ என்றால் முன்பு நம்மோடு இருந்து பிரிந்தவர்கள் என்று ஆகாதா? கட்சியிலிருந்து விலகினார் என்கிறோமே. பட்டியலில் ஜாரவாக்களும் இருக்கிறார்கள், அவர்களையும் இதில் சேர்ப்பீர்களா?

—

ஐயா, மதுவிலக்கு விஷயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். ஆட்களைச் சொல்லும்போது ‘விலகுகுடியினர்’ என்று எழுதினால் அந்தச் சிக்கல் தீரும். காதுக்கும் நன்றாக இருக்கிறது.

இரண்டாவதை ஏற்கமாட்டேன். மழைக்கு விலகி நின்றேன், லாரிக்கு விலகி நின்றேன் என்கிறோம். அண்ணா சாலையில் பேருந்துக்கு விலகுகிறவர் அதிலிருந்து இறங்கியவராக இருக்கவேண்டியதில்லை.

ஜாரவாக்களைச் சேர்க்கக்கூடாது. அவர்கள் காட்டின் ஊடாகவே அந்தமான் நெடுஞ்சாலை போகிறது, மருத்துவமனைக்கும் வருகிறார்கள். பெரு சட்டத்தில் இந்த நிலைக்குத் தனிப் பிரிவே உண்டு. ‘புதுத்தொடர்புக் குடியினர்’ என்று தனிப் பதிவாக வைக்கலாம். சென்டினல் மக்களுக்கும் மாஷ்கோ பீரோவுக்கும் மட்டும் ‘விலகுகுடியினர்’. ஆட்சேபம் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை மயிலாப்பூர் கூட்டத்தில் பட்டியலை மூடவேண்டும்.