பில்லிங் மென்பொருள் 64 சதவீதத்தில் நின்றுவிட்டது, லேப்டாப்பை அணைக்கலாமா?

பள்ளத்தூர் ஆச்சி (பகல் 12.30)

புதிய மென்பொருள் காலை பத்தே காலுக்கு இன்ஸ்டால் ஆக ஆரம்பித்தது. பச்சைக் கோடு 64-இல் வந்து நின்றது, நின்றதுதான். இரண்டே கால் மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் பலகாரம் போட்டு விற்கிறோம். மணகோலம், சீப்புச்சீடை, கைமுறுக்கு, அதிரசம். கணக்கு வழக்கு எல்லாம் என் பொறுப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் நொறுக்குத்தீனிக்கு வரி 12-லிருந்து 5 சதவீதம் ஆனது அல்லவா, பழைய மென்பொருளில் அதை மாற்ற வழியே இல்லை. ஒவ்வொரு பில்லையும் கையால் திருத்திக் கொடுத்தே கை ஓய்ந்துவிட்டது. அதனால் புதிதாக ஒன்று வாங்கினோம். விற்றவர் ஒரு பென்டிரைவைக் கொடுத்து, "எல்லாம் இதிலேயே இருக்கு, நெட்டே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது போன் எடுப்பதில்லை.

லேப்டாப் 2018-இல் வாங்கியது. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். முந்தாநாளும் இதே 64-இல்தான் நின்றது. பொறுமை போய்ப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடியும் அப்படிச் செய்யப் பயமாக இருக்கிறது. நாளை மறுநாள் ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு 40 கிலோ போக வேண்டும், பில்லோடு. என்ன செய்யலாம்?

செக்காலைக்காரர் (12.41)

வைரஸாக இருக்கும். ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். அரை நாள் வேலை, நிம்மதி.

ரஸ்தா தம்பி (12.52)

அண்ணே, அவசரப்படாதீங்க. ஃபார்மட் அடித்தால் ஆச்சியின் பழைய பில் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

ஆச்சி, காரைக்குடியில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். இப்போதைக்குப் பவர் பட்டனைத் தொடாதீர்கள், சார்ஜர் செருகியே இருக்கட்டும். அந்த 64-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 40 கிலோவில் 26 கிலோ சுட்டாகிவிட்டது என்பது போன்ற கணக்கு இல்லை அது. எத்தனை படி முடிந்தது என்றுதான் அந்தக் கோடு எண்ணுகிறது. ஒரு படியில் சின்னக் கோப்பு ஒன்றை நகல் எடுப்பது மட்டும் இருக்கும், அடுத்த படியில் ஒரு டேட்டாபேஸ் முழுவதும் இருக்கும்.

உண்மையில் உறைந்துவிட்டதா, மெதுவாக ஓடுகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். 'மோர் டீட்டெய்ல்ஸ்' என்று கீழே இருந்தால் அதைத் தட்டுங்கள். மேலே சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று வரிசையாக இருக்கும். டிஸ்க் 90, 100 என்று சிவந்து கிடந்தால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். எல்லாமே 0, 1, 2 என்று தூங்கினால் அது எதற்கோ காத்திருக்கிறது.

அப்புறம் கீழ்ப்பட்டையில் ஏதாவது ஆரஞ்சு நிறத்தில் மினுக்குகிறதா? அனுமதி கேட்கும் பெட்டி சில நேரம் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். 'யெஸ்' அழுத்த ஆள் இல்லாமல் நாள் முழுக்கக் காத்திருந்த லேப்டாப்பையெல்லாம் என் மேசையில் பார்த்திருக்கிறேன். சி டிரைவில் எவ்வளவு காலி இருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி (1.20)

பார்த்தேன் தம்பி. சிபியு 4, டிஸ்க் 1, நெட்வொர்க் 0. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அதேதான். ஆரஞ்சு எதுவும் இல்லை. சி டிரைவில் 31 ஜிபி காலி. பட்டியலில் 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்று ஒன்று நிற்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்ததில், பச்சைக் கோட்டுக்குக் கீழே எறும்பு எழுத்தில் 'டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.5' என்று இருக்கிறது.

ரஸ்தா தம்பி (1.34)

அந்த எறும்பு எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய பாணியில் எழுதிய பில்லிங் மென்பொருள் பலவற்றுக்கும் டாட்நெட் 3.5 என்ற மைக்ரோசாஃப்டின் துணை மென்பொருள் வேண்டும். விண்டோஸ் 10-இல் அது தானாக இருக்காது. கேட்கும்போது மைக்ரோசாஃப்டின் அப்டேட் சர்வரிலிருந்து இறங்கும். பென்டிரைவில் இருப்பது அவர்களுடைய மென்பொருள் மட்டும்தான். நெட் வேண்டாம் என்றவர் தன் கடை லேப்டாப்பில் போட்டுப் பார்த்திருப்பார், அதில் 3.5 ஏற்கெனவே இருந்திருக்கும்.

உங்கள் லேப்டாப்புக்கு நெட் எங்கிருந்து வருகிறது? வீட்டில் எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்?

பள்ளத்தூர் ஆச்சி (1.40)

வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில், சாமான் அறை ஓரமாக. போன் ஹாட்ஸ்பாட்தான். போன் என் இடுப்பிலேயே இருக்கும், அடுப்படிக்கும் முகப்புக்கும் நடந்துகொண்டே இருப்பேன். முகப்பில் நாலு கோடு சிக்னல், நடு முற்றம் இருக்கும் வளவுக்குள் வந்தால் இரண்டு, இங்கே ஒன்று வந்தால் அதிர்ஷ்டம்.

சிங்கப்பூர் பங்காளி (1.48)

சிரிப்பு வருகிறது, மன்னிக்கவும். போன தடவை ஊருக்கு வந்தபோது வாட்ஸ்அப் அழைப்புக்கு நானும் திண்ணைக்கு ஓடிக்கொண்டே இருந்தேன். ஐயா காலத்தில் கட்டிய சுவர், அதன் தடிமன் ஒன்றரை முழத்துக்குக் குறையாது. வெயிலையே உள்ளே விடாது, சிக்னலை எங்கே விடும்?

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கல்யாண ஆர்டர் போன பிறகு அதையும் யோசியுங்கள்.

ரஸ்தா தம்பி (2.05)

அது அப்புறம். ஆச்சி, இப்போது இப்படிச் செய்யுங்கள்.

'கேன்சல்' அழுத்திப் பத்து நிமிடம் பொறுங்கள். செய்ததைத் திரும்ப அழித்துக்கொண்டு போகும், கோடு பின்னால் நகரும், அது சரிதான். நகரவில்லை என்றால் ஸ்டார்ட் மெனுவில் 'ரீஸ்டார்ட்'. பழைய பில் கோப்புகளை வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முகப்புக்குப் போய், போனைப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, தேடும் இடத்தில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' என்று அடியுங்கள். வரும் பட்டியலில் முதலிலேயே டாட்நெட் 3.5 இருக்கும். அதில் டிக் போட்டு ஓகே. அது தனியாக இறங்கி முடிந்த பிறகுதான் பென்டிரைவைச் செருக வேண்டும். போனையும் லேப்டாப்பையும் பிரிக்காதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி (3.10)

கேன்சல் அசையவில்லை. ஷட் டவுன் கொடுத்துத் திரும்பப் போட்டேன். எதற்கும் பார்ப்போமே என்று பென்டிரைவையே மறுபடி ஓட்டினேன், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, திட்டாதீர்கள். 'வேறொரு இன்ஸ்டலேஷன் நடந்துகொண்டிருக்கிறது' என்று 1618 எண் போட்டுச் சொல்கிறது. எதுவும் நடக்கவில்லையே!

ரஸ்தா தம்பி (3.18)

திட்ட மாட்டேன். ஆனால் நான் சொன்னது ரீஸ்டார்ட், நீங்கள் கொடுத்தது ஷட் டவுன். இரண்டும் ஒன்று இல்லை.

விண்டோஸ் 10-இல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அடியில் ஓடுவதை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே எழுப்பும். பாதியில் தொங்கியதும் கூடவே எழுந்து வரலாம். விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும், முன்னது கையை விடாதவரை அடுத்தது 1618 என்று வெளியே நிற்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் கலைந்து புதிதாக ஆரம்பிக்கும்.

அப்படியும் நின்றால் விண்டோஸ் பொத்தானும் ஆர் எழுத்தும் அழுத்தி '%டெம்ப்%' என்று ஆங்கிலத்தில் அடித்து, கடைசியாக மாறிய லாக் கோப்பின் (நடந்ததை எழுதி வைக்கும் கோப்பு) கடைசி இருபது வரியை அனுப்புங்கள். ஊகிக்காமல் பார்த்துச் சொல்லலாம்.

செக்காலைக்காரர் (3.30)

ஷட் டவுன் விஷயம் எனக்கே தெரியாது. ஃபார்மட் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி (மாலை 6.15)

முடிந்தது தம்பி!

ரீஸ்டார்ட் கொடுத்து, முகப்பில் உட்கார்ந்து, 3.5-க்கு டிக் போட்டேன். போனை லேப்டாப் மேலேயே வைத்துவிட்டு நகரவே இல்லை. மூன்று அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. பிறகு பென்டிரைவ். 64-ஐக் கண் மூடித் திறப்பதற்குள் தாண்டியது. 81-இல் மறுபடி நின்றது, வயிற்றைக் கலக்கியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன், டிஸ்க் 100. சரி, வேலை நடக்கிறது என்று எழுந்து போய் அதிரச மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது, ஆனால் முடிந்தது.

ரஸ்தா தம்பி (6.22)

அந்த 81 டேட்டாபேஸாக இருக்கும். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு முக்கால் மணி நேரம் நியாயம்தான். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றைப் போட்டால் லேப்டாப் இன்னும் சில ஆண்டு ஓடும். காரைக்குடிப் பக்கம் வரும்போது கொண்டு வாருங்கள் ஆச்சி.

பள்ளத்தூர் ஆச்சி (6.40)

வருகிறேன், வரும்போது ஒரு டப்பா சீடையும் வரும். முதல் பில் அடித்துப் பார்த்தேன், வரி 5 சதவீதம் சரியாக விழுகிறது. மணகோலம் மட்டும் 'மனகோலம்' என்று அச்சாகிறது. அது நான் அடித்த தப்பு, நானே திருத்திக்கொள்கிறேன்.