பேச்சில்லாத மகனுக்குப் பல்வலி என்று எப்படி அறிவது?

கேள்வி (ஒரு தாய், ஈரோடு)
என் மகனுக்கு 19 வயது. மூளை முடக்குவாதமும் கடுமையான அறிவுத்திறன் குறைபாடும் உண்டு, பேச்சு இல்லை. வலிப்புக்காக 11 ஆண்டுகளாக ஃபெனிடாயின் கொடுத்துவருகிறோம். மூன்று வாரங்களாக வலது கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். ஆசையாகச் சாப்பிடும் ரசஞ்சாதத்தைக்கூட இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. நள்ளிரவில் எழுந்து அழுகிறான். மருத்துவரிடம் காட்டியபோது, இந்த வயதில் பிடிவாதம் கூடும் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஈறு தடித்துப் பற்களைப் பாதி மூடியிருக்கிறது; பிரஷ்ஷைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்கிறான். இது பல்வலியாக இருக்குமா?

பதில் 1 (பல் மருத்துவர்)
நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும், பேச இயலாத ஒருவர் திடீரென்று முகத்தில் அறைந்துகொண்டு, உணவையும் உறக்கத்தையும் விட்டுவிட்டால், அதைப் பிடிவாதம் என்று முடிவுகட்டுவதற்கு முன் வாயையும் காதையும் பார்த்தாக வேண்டும். இது ஞானப்பல் முளைக்கும் வயதும்கூட. ஈறு தடிப்பது, ஃபெனிடாயின் உட்கொள்வோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏற்படும் பக்கவிளைவு. அழுக்குப் படியப் படிய அது மேலும் தடித்து, அடியில் பிரஷ் எட்டாமல் போகும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரவும் வாய்ப்புண்டு என்பதால், இதைத் தள்ளிப்போட வேண்டாம். நாற்காலியில் உட்கார மறுப்பவருக்கு, மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து, தேவையான சிகிச்சைகளை ஒரே தடவையில் முடிக்கலாம்.

பதில் 2 (ஒரு தந்தை, மதுரை)
என் மகள் கையைக் கடித்துக் காயப்படுத்திக்கொண்ட இரண்டு ஆண்டுகளும், அது அவள் சுபாவம் என்றே நம்பியிருந்தோம். சொத்தையான இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்தபின் கடிப்பது வெகுவாகக் குறைந்தது. அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

பல் துலக்கும்போது நான் எதிரில் நிற்பதில்லை. பின்னால் நின்று, அவள் தலையை என் மார்பில் சாய்த்துக்கொண்டு, ஒரு பிரஷ்ஷின் ரப்பர் கைப்பிடியைக் கடிக்கக் கொடுத்துவிட்டு, இன்னொன்றால் தேய்க்கிறேன். துப்பத் தெரியாததால் பற்பசை பட்டாணி அளவுதான். பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். பற்களுக்கிடையே விரலை மட்டும் வைத்துவிடாதீர்கள், எனக்குத் தையல் போட நேர்ந்தது. மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு போன்றவை உள்ளோருக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் (ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை) பல் பராமரிப்புக்கும் இடமுண்டு; அட்டை இல்லையென்றால் விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்
நேற்றிரவு நீங்கள் சொன்னபடி பின்னால் நின்று, டார்ச் அடித்துப் பார்த்தேன். மதியம் ஊட்டிய இட்லி வலது கன்னத்துக்குள் அப்படியே அடைந்திருந்தது. அதன் பின்னால் கீழ்க்கடைவாய்ப் பல் கருத்துக் குழிந்திருக்கிறது. வியாழக்கிழமை பல் மருத்துவரைப் பார்க்கவிருக்கிறோம். மயக்கம் கொடுத்தால் அன்று காலை வெறும் வயிறாக இருக்க வேண்டுமே, வலிப்பு மாத்திரையை என்ன செய்வது?

பதில் 1 (பல் மருத்துவர்)
வழக்கமாக அதைத் தவறவிடச் சொல்ல மாட்டார்கள். ஒரு மிடறு தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள். மருந்துச் சீட்டை எடுத்துச் சென்று, மயக்கவியல் மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.