தொண்டர் தீயணைப்புக் கம்பனியின் பத்தாண்டுக் கணக்கு: ஒரு மிகை, அதன்பின் எல்லாம் குறை

உப்புவெளி வாசகி:
வணக்கம். பென்சில்வேனியாவில் வசிக்கும் என் சித்தப்பாவின் மகன், தன் ஊர்த் தொண்டர் தீயணைப்புக் கம்பனியின் பொருளாளராகியிருக்கிறான். நம் நாட்டில் தீயணைப்பு உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. அதன் செலவும் மன்றத்தின் பாதீட்டுக்குள் அடங்கிவிடும். அங்கோ, கம்பனி என்று பெயர் இருந்தாலும் அது பங்குதாரர் எவருமற்ற, இலாப நோக்கற்ற அமைப்பு. நான் உயர்தரத்தில் கணக்கீடு படித்தவள் என்பதால் பத்தாண்டுப் படிவங்களை எனக்கு அனுப்பியிருக்கிறான். ஓர் ஆண்டில் பெரிய மிகை. அதன்பின் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து குறை. முன்னைய நிர்வாகம் பணத்தைக் கரைத்துவிட்டதென்று உறுப்பினர்கள் பேசிக்கொள்கிறார்களாம். அது உண்மையாக இருக்குமா?

பாலையூற்று ஆசிரியர்:
தங்கச்சி, பழி சொல்வதற்கு முன் அந்த மிகை வந்த ஆண்டில் வாகனம் வாங்க மானியம் ஏதும் கிடைத்ததா என்று பாருங்கள். இலாப நோக்கற்ற அமைப்புகள் அமெரிக்க வரித் திணைக்களத்துக்கு ஆண்டுதோறும் அளிக்கும் 990 ஆம் படிவத்தில் மானியம் வருமானமாகப் பதிவாகும். வாகனத்தின் விலையோ செலவாகாமல் சொத்தாகி, பெறுமானத் தேய்வாகவே ஆண்டுதோறும் செலவுக்குள் வரும். 6,00,000 டொலர் வாகனத்தை 20 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால், ஆண்டுக்கு 30,000 டொலர். தேய்வுக்காகக் கையிலிருந்து காசு போவதில்லை என்பதால், அவ்வாண்டின் குறை 12,000 என்றால், வேறு மாற்றங்கள் இல்லாதவிடத்து, கையிருப்பு 18,000 கூடியிருக்கும். ஆகவே மிகை, குறையை விட்டுவிட்டு வங்கி மீதியை ஆண்டுவாரியாக எழுதிப் பாருங்கள். தொண்டர்களின் உழைப்புக்கு அப்படிவத்தில் வருமானமும் இல்லை, செலவும் இல்லை என்பதால், சம்பளச் செலவு சிறிதாக இருப்பதைக் கண்டு சேவை மலிவானது என்றும் எண்ண வேண்டாம்.

சாம்பல்தீவு:
எங்கள் மரண உதவிச் சங்கத்தில் நான் பொருளாளராக இருந்தபோது, அன்பளிப்பாக வந்த கூடாரத்தையும் பிளாஸ்டிக் கதிரைகளையும் வருமானமாகக் காட்டிவிட்டு, மறு ஆண்டுக் கூட்டத்தில் "அந்தக் காசு எங்கே?" என்ற கேள்விக்கு விழித்துக்கொண்டு நின்றேன். வெயிலில் வெளிறிக் கால் பிளந்த கதிரைகளைத்தான் காட்ட முடிந்தது. அவற்றை மாற்ற வேண்டிய காலத்தில் 2022 இன் விலையேற்றம் வந்துவிட்டது. மாற்றீட்டு நிதியென்று ஒரு சதமும் நாங்கள் ஒதுக்கியிருக்கவில்லை. உங்கள் தம்பி கேட்க வேண்டியது, அடுத்த வாகனத்துக்கென ஏதாவது ஒதுக்கப்பட்டதா என்பதைத்தான்.

உப்புவெளி வாசகி:
பார்த்தேன். மானியம் அதே ஆண்டில்தான் வந்திருக்கிறது. குறை காட்டிய ஆறில் ஐந்து ஆண்டுகளில் வங்கி மீதி கூடியுமிருக்கிறது. ஆனால் ஒதுக்கு நிதி இல்லை. பென்சில்வேனியாவில் தீக் காப்புறுதித் தவணைப் பணத்தின் மீதான 2 வீத வரியிலிருந்து வரும் தொகையையும் இதில் சேர்த்துப் பார்க்கலாமா, சேர்?

பாலையூற்று ஆசிரியர்:
கூடாது. வெளி மாநிலக் காப்புறுதி நிறுவனங்களிடம் அறவிடப்படும் அந்த வரிப் பணம் போவது தீயணைப்பாளர் நிவாரணச் சங்கத்துக்கு. அது சட்டப்படி வேறான அமைப்பு. கணக்கும் வேறு, கணக்காய்வும் வேறு. அந்தத் தொகையைத் தனித்தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.